மைலோமா நோய்க்கான ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையின் வரலாறு

மல்டிபிள் மைலோமா என்பது எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்களில் தோன்றும் ஒரு வகை இரத்தப் புற்றுநோய். இந்நோய்க்கு, நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை (குருத்தணுக்களை) முன்கூட்டியே எடுத்து வைத்து, கடுமையான மருந்து கொடுத்த பின் அவருக்கே திரும்பச் செலுத்தும் சிகிச்சை 1980-களில் உருவானது. பெருநகர ஆய்வுக்கூடங்களில் தொடங்கிய இச்சிகிச்சை இன்று வேலூர், சென்னை ஆகிய நகரங்களில் கிடைக்கிறது. திருத்தணி போன்ற எல்லையோர ஊர்களில் உள்ளவர்களும் பயணம் செய்து எட்டக்கூடிய தொலைவுக்கு இது வந்திருக்கிறது. கொடையாளர், குளிர்சேமிப்பு, பணம் எனத் தடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்ததே இதன் வரலாறு.

நோயும் முதல் மருந்தும்

நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதங்களை உருவாக்குவது பிளாஸ்மா செல்களின் வேலை. புற்றாக மாறிய செல்கள் பயனற்ற ஒரே வகைப் புரதத்தை அளவின்றிச் சுரக்கின்றன. இந்நோயால் எலும்புகள் அரிக்கப்படுகின்றன, சிறுநீரகம் பழுதடைகிறது, இரத்தச்சோகை ஏற்படுகிறது. இலண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் 1840-களின் இறுதியில் ஒரு நோயாளியின் சிறுநீரில் இருந்த இப்புரதத்தை விவரித்தார். அது இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பிறகே பயனுள்ள மருந்து கிடைத்தது. 1960-களில் மெல்பாலன் மாத்திரையும், அதனுடன் பிரெட்னிசோன் என்னும் ஸ்டீராய்டும் வழக்கத்துக்கு வந்தன. இவை நோயைச் சில காலம் அடக்கினவே தவிர, முழுமையாகத் தணித்தது மிகச் சிலருக்கே.

அளவைக் கூட்டியதும் எழுந்த சிக்கலும்

இலண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையின் டிம் மெக்கெல்வைன், ரே பவுல்ஸ் ஆகிய இருவரும் 1983-இல் ஒரு முக்கிய முடிவை வெளியிட்டனர். மெல்பாலனை மிக அதிக அளவில் இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தினால், சில நோயாளிகளிடம் நோயின் அடையாளமே மறையும் அளவுக்குத் தணிகிறது என்பதே அது. ஆனால் அதே மருந்து புற்றுச் செல்களுடன் நல்ல மஜ்ஜையையும் அழித்தது. இரத்த அணுக்கள் மீண்டும் உருவாகப் பல வாரங்கள் ஆயின. அதற்குள் தொற்று ஏற்பட்டு உயிரிழக்கும் ஆபத்து இருந்தது.

இதற்குத் தீர்வு மஜ்ஜை மாற்று முறையிலிருந்து வந்தது. அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் 1950-களில் தொடங்கிய இத்துறைக்காக அவருக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறரின் மஜ்ஜையைப் பெறுவதற்குப் பொருத்தமான கொடையாளர் வேண்டும். பொருந்தினாலும் புதிய செல்கள் நோயாளியின் உடலையே தாக்கக்கூடும். மைலோமா நோயாளிகளில் பலர் வயதானவர்கள் என்பதால் அவர்களால் இதைத் தாங்குவது அரிது. எனவே அமெரிக்காவில் பார்ட் பார்லோகி முதலியோர் 1980-களின் நடுப்பகுதியில் நோயாளியின் சொந்த மஜ்ஜையையே பயன்படுத்தினர். கொடையாளரைத் தேடும் தேவை இல்லாமல் போனது.

1996 ஆய்வு

இச்சிகிச்சை ஆயுளை நீட்டுகிறதா என்பதற்குப் பிரான்சில் மிஷேல் அத்தால் குழுவினர் விடை கண்டனர். 65 வயதுக்கு உட்பட்ட 200 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருந்துகளும், மறு பிரிவினருக்கு அதிக அளவு மருந்துடன் மாற்று சிகிச்சையும் அளிக்கப்பட்டன. 1996-இல் வெளியான முடிவின்படி, ஐந்தாண்டு உயிர்வாழும் விகிதம் முதல் பிரிவில் 12 விழுக்காடு, மாற்று சிகிச்சை பெற்றோரிடம் 52 விழுக்காடு என மதிப்பிடப்பட்டது. இதன்பின் உலகெங்கும் இது முதல்நிலைச் சிகிச்சையாக ஏற்கப்பட்டது.

இதே பத்தாண்டில் மஜ்ஜையை எலும்பிலிருந்து உறிஞ்சி எடுக்கும் முறையும் மாறியது. சில நாள் ஊசி மருந்து போட்டு ஸ்டெம் செல்களை இரத்தத்துக்கு வரவழைத்து, இரத்ததானம் போல இயந்திரத்தின் மூலம் பிரித்தெடுக்கும் முறை பரவியது.

இந்தியாவில்

இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்று 1983 மார்ச்சில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நடந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986 அக்டோபரில் மாமென் சாண்டி தலைமையில் இச்சிகிச்சை தொடங்கியது. தலசீமியா நோயுள்ள குழந்தைகளுக்கு இது பெரிதும் பயன்பட்டது. மைலோமா நோயாளிகளுக்குச் சொந்தச் செல் மாற்று சிகிச்சையை 1990 முதலே தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை செய்துவருகிறது.

மெல்பாலனின் ஓர் இயல்பு இந்தியா போன்ற நாடுகளுக்கு உதவியது. செலுத்திய சில மணி நேரத்திலேயே அது உடலில் சிதைந்துவிடுகிறது. எனவே மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஸ்டெம் செல்களைத் திரும்பச் செலுத்தலாம். அதுவரை அவற்றைத் திரவ நைட்ரஜனில் உறைய வைக்க வேண்டியதில்லை. இரத்த வங்கியின் 4 பாகை குளிர்பெட்டியே போதும். விலையுயர்ந்த உறைநிலைச் சேமிப்பு இல்லாத மருத்துவமனைகளும் இதனால் இச்சிகிச்சையைத் தொடங்க முடிந்தது.

திருத்தணி வட்டாரம்

முருகனின் மலைக்கோயில் அமைந்த திருத்தணியும் வேலூரும் 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. அவ்வாண்டில் புதிதாக உருவான சித்தூர் மாவட்டத்துடன் திருத்தணி சேர்க்கப்பட்டது. ம.பொ.சிவஞானம் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்று அது சென்னை மாநிலத்துக்கு வந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. மாவட்டம் மாறினாலும் வேலூர் அருகிலேயே இருக்கிறது. அரக்கோணம், காட்பாடி வழியாக இரயிலிலும், சோளிங்கர் வழியாகச் சாலையிலும் அங்கு செல்லலாம். கிறித்துவ மருத்துவக் கல்லூரி 2022-இல் இராணிப்பேட்டையில் புதிய வளாகத்தைத் திறந்தது. அதன் இரத்தவியல் துறை இப்போது அங்கு இயங்குகிறது. கிழக்கே சென்னையிலும் பல மருத்துவமனைகள் இச்சிகிச்சையை அளிக்கின்றன.

பணம் அடுத்த தடை. தமிழ்நாட்டில் 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், மஜ்ஜை மாற்றையும் உதவி பெறும் உயர் சிகிச்சைகளில் ஒன்றாகச் சேர்த்தது. இந்திய நோயாளிகள் மேலைநாட்டவரைவிடச் சுமார் பத்து ஆண்டு இளையவர்களாக இருப்பதால், நோய் பெரும்பாலும் குடும்பத்துக்காக உழைக்கும் ஒருவரையே தாக்குகிறது.

இன்றைய நிலை

மாற்று சிகிச்சை மைலோமாவை அடியோடு நீக்குவதில்லை. நோய் திரும்பிவரும் காலத்தைத் தள்ளிப்போடுகிறது. தாலிடோமைடு, போர்டிசோமிப், லெனலிடோமைடு முதலிய மருந்துகள் வந்தபின் இதன் தேவை மீண்டும் ஆராயப்பட்டது. 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உடனே மாற்று செய்துகொண்டவர்களுக்கு நோய் தலைகாட்டாத காலம் 46 மாதத்திலிருந்து 67 மாதமாக நீண்டது. ஆனால் அதுவரையிலான கண்காணிப்பில் மொத்த ஆயுளில் வேறுபாடு காணப்படவில்லை. எனவே உடனே செய்வதா, நோய் திரும்பும்போது செய்வதா என்பது நோயாளிக்கேற்ப முடிவு செய்யப்படுகிறது. புதிய மருந்துகளைத் தொடர்ந்து வாங்க இயலாதவர்களுக்கு, ஒருமுறை செய்யும் மாற்று சிகிச்சை இன்னும் முக்கியமானது.

இன்னும் நீங்காத தடை தாமதமான கண்டறிதல். தொடர்ந்த முதுகுவலியும் சோர்வும் முதுமையின் இயல்பு என்று விட்டுவிடப்படுகின்றன. சிறுநீரகம் செயலிழந்த பின்போ, முதுகெலும்பு முறிந்த பின்போதான் பலரிடம் நோய் தெரியவருகிறது. இரத்தத்திலும் சிறுநீரிலும் செய்யும் புரதப் பரிசோதனை ஐயத்தை எழுப்பிவிடும். மஜ்ஜைப் பரிசோதனை நோயை உறுதிசெய்யும். அதன்பிறகே மாற்று சிகிச்சைக்கான வழி திறக்கிறது.