கூடிப் பாடின கதை



மலருக்கு எழுதிக் கொடு என்று தலைவி அக்கா சொன்னபோது, கடன் வசூல் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "அதை எல்லாரும் எழுதுவாங்க, நீ பாட்டைப் பத்தி எழுது" என்றார். ஏன் என்று நம்ம குழுப் பெண்களுக்குத் தெரியும். மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

நாங்கள் மாசக் கூட்டத்தை ஒரு பாட்டோடு ஆரம்பிப்போம். சில மாசம் தேவாரம், சில மாசம் கிறிஸ்தவக் கீர்த்தனை. யார் நன்றாகப் பாடுவாரோ அவர் இஷ்டம். தேவாரம் பாடும்போது நாலு பேர் வாய் திறக்க மாட்டார்கள். கீர்த்தனை பாடும்போது வேற ஆறு பேர் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு முஸ்லிம் தங்கச்சி எப்பவும் பாட்டு முடிந்த பிறகுதான் வந்து வாசல் ஓரமாக உட்காரும். லேட்டு என்று அபராதம் ஐந்து ரூபாய் கூடப் போட்டிருக்கிறோம். ஒரு நாள் நானே கேட்டேன். "பாட்டு முடியட்டும்னு வெளியில நின்னேன் அக்கா, வேற ஒண்ணும் இல்ல" என்றது. எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அந்த அபராதத்தை எழுதினது என் கைதான்.

அதற்கு அப்புறம் பெரிய வாக்குவாதம். பாட்டே வேண்டாம், நேராக வரவு செலவுக்குப் போகலாம் என்றார்கள் சிலர். நான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நம்ம பக்கத்தில் ஜனங்கள் எப்படிக் கூடிப் பாடினார்கள் என்று தெரிந்துகொண்டு அப்புறம் முடிவு செய்வோம் என்றேன். பத்தாவது படித்தவள் நான். ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர் ஒருவர் புத்தகம் கொடுத்து உதவினார். படித்ததில் மனசில் நின்றதை எழுதுகிறேன்.

முதலில் பண்ருட்டி பக்கத்துத் திருவதிகை. ஏழாம் நூற்றாண்டில் திருவாமூரில் பிறந்த திலகவதியாரும் அவர் தம்பியும் கதை. அப்பா அம்மா போய்விட்டார்கள். கல்யாணம் பேசி வைத்திருந்த மாப்பிள்ளையும் போரில் செத்துப்போனார். தானும் போய்விடலாம் என்று நினைத்த அந்தப் பெண், தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டார். தம்பி சமண சமயத்துக்குப் போய்விட்டார். அங்கே தீராத வயிற்று வலி வந்து, கடைசியில் அக்காவைத் தேடி அதிகைக்கு வந்தார். அக்கா திருநீறு கொடுத்தார். தம்பி பாட ஆரம்பித்தார். அவர்தான் அப்பர். இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லாரும் அப்பரைத்தான் சொல்வார்கள். அந்த அக்கா மட்டும் இல்லையென்றால் பாட்டு ஏது?

அந்த முதல் பதிகத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். ஒவ்வொரு பாட்டும் கெடில ஆற்றங்கரைக் கோயிலைச் சொல்லித்தான் முடிகிறது. நம்ம கெடிலம்தான், நெல்லிக்குப்பம் பக்கம் வந்து கடலூரில் கடலில் சேருகிற அதே ஆறு. பாட்டின் முன்பகுதி மாறிக்கொண்டே போகும், முடிவு மாறாது. முன்பகுதி தெரியாதவர்கூட முடிவில் சேர்ந்துகொள்ளலாம். கூடிப் பாடுகிறதற்கு இதுதான் சூட்சுமம் என்று டீச்சர் சொன்னார். அதற்கு அப்புறம் எந்தப் பாட்டைக் கேட்டாலும் அந்த மாறாத வரி எது என்றுதான் தேடுகிறேன்.

மார்கழிப் பாட்டையும் விட முடியாது. ஆண்டாளின் திருப்பாவையும் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையும், பெண்கள் ஒருத்தி வீட்டு வாசலில் இன்னொருத்தி நின்று எழுப்பிக் கூட்டிப்போகிற மாதிரி அமைந்த பாட்டுகள். குளம், பனி, மழை எல்லாம் அதில் வரும். திருவெம்பாவை கடல் தாண்டி தாய்லாந்து வரைக்கும் போயிருக்கிறது. அங்கே பாங்காக்கில் அரண்மனையைச் சேர்ந்த பிராமணர்கள் நடத்துகிற சடங்குக்கு 'திரியம்பாவாய்' என்றே பேர். நாம் அஞ்சு மணிக்கு மைக்கில் கேட்டுக் கண்ணைக் கசக்குகிற பாட்டு அது!

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். மேல்பட்டாம்பாக்கத்தில் மிஷன் வந்த கதை எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. இங்கே வாக்கப்பட்டு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. ஆராதனைப் பாட்டு சத்தம் ஞாயிற்றுக்கிழமை காதில் விழும், அவ்வளவுதான்.

கார்ல் ஓக்ஸ் என்று ஒரு ஜெர்மன் பாதிரியார் இருந்தார். லைப்சிக் மிஷனைச் சேர்ந்தவர். சபைக்குள்ளேயே சாதி பார்த்துத் தனித்தனியாக உட்காருகிற வழக்கத்தை, மெதுவாக மாறட்டும் என்று அந்த மிஷன் விட்டு வைத்திருந்தது. ஓக்ஸுக்கு அது பிடிக்கவில்லை. சண்டை போட்டு விலகி, 1860களின் தொடக்கத்தில் நம்ம ஊரில் வந்து ஒரு நிலையம் ஆரம்பித்தார். பெத்தானியா என்று பேர் வைத்தார். பிறகு டென்மார்க் மிஷன் சங்கம் கைகொடுத்தது. அந்த வேலையிலிருந்து வளர்ந்ததுதான் ஆற்காடு லுத்தரன் திருச்சபை. ஒரே பந்தி, ஒரே பெஞ்சு என்ற பேச்சுக்காக ஒருத்தர் தன் வேலையையே விட்டு வந்து நின்ற இடம் நம்ம ஊர். இது எனக்குப் பெருமையாக இருக்கிறது. நான் கிறிஸ்தவப் பெண் இல்லை.

பாட்டுக்கு வருகிறேன். 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கின சீகன்பால்குவின் காலத்திலேயே ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கி, அதே ஜெர்மன் மெட்டில் பாட வைத்தார்கள். இதில் ஒரு தொந்தரவு. நம்ம பாஷையில் குறிலை நீட்டினால் அர்த்தமே மாறிப்போகும். கல் என்பது கால் ஆகும், பல் என்பது பால் ஆகும். அந்நிய மெட்டு எங்கே நீட்டச் சொல்கிறதோ அங்கே நம்ம குறில் மாட்டிக்கொண்டு முழிக்கும். அதோடு அவர்கள் ஊர்ப் பாடகர் குழுவில் பெண்களில் இரண்டு குரல், ஆண்களில் இரண்டு குரல் என்று நாலு விதமாகப் பிரித்து, ஒன்றன் மேல் ஒன்று அடுக்கிப் பாடுவார்கள். அதைக் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பழக்கம் வேண்டும். நம்ம ஜனத்துக்கு ஒருத்தர் எடுத்துக் கொடுக்க, எல்லாரும் ஒரே குரலாகத் திருப்பிச் சொல்வதுதான் வழக்கம்.

அதைச் சரியாகப் பிடித்தவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774 - 1864). பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம்ம ராகத்திலேயே கீர்த்தனைகள் கட்டினார். சரணத்தை ஒருத்தர் பாட, பல்லவிக்குச் சபை முழுக்கச் சேர்ந்துகொள்ளும். எட்வர்ட் வெப் என்ற மதுரை அமெரிக்கன் மிஷன் பாதிரியார் 1853ல் இந்த மாதிரிக் கீர்த்தனைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். அதற்குப் பிறகு சபை சபையாகப் பரவிவிட்டது. மேல்நாட்டு மெட்டில் பாடுவது ஒரு புத்தகம், கீர்த்தனை ஒரு புத்தகம் என்று இன்றைக்கும் இரண்டும் நடக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வளவு அழகாகக் கூடிப் பாட வைத்த அதே சாஸ்திரியார், சபையில் சாதி வழக்கத்தை எடுக்கக் கூடாது என்று 1829ல் வாதாடி எழுதியவர். படித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரே பல்லவியைப் பாடின வாய்கள் ஒரே பந்தியில் சாப்பிடவில்லை. பாடினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வந்தது இதோடு அடிபட்டுப் போனது.

ஓக்ஸ் இங்கே இருந்த அதே பத்து வருஷத்தில், அதே தென்னாற்காட்டில், இன்னொருவர் பந்தியிலிருந்தே ஆரம்பித்தார். வள்ளலார். 1823ல் மருதூரில் பிறந்தவர். 1865ல் சங்கம், 1867 மே 23ல் வடலூரில் தருமசாலை. பார்வதிபுரத்து ஜனங்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அன்றைக்கு மூட்டின அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாம், சாதி கேட்க மாட்டார்கள். 1872ல்தான் சத்திய ஞான சபை. பாருங்கள், முதலில் சோறு, அப்புறம்தான் விளக்கு! இந்த வரிசை குடும்பம் நடத்துகிற பொம்பளைக்குத்தான் புரியும்.

அவர் தண்ணியில்லாமல் காய்கிற பயிருக்காக மனசு நொந்து பாடினவர். நம்ம மாதிரிக் கரும்பும் நெல்லும் போடுகிறவர்களுக்கு அது புத்தகப் பேச்சு இல்லை. அவருடைய பாட்டை 'அருட்பா' என்று சொல்லலாமா கூடாதா என்று பெரிய சண்டை நடந்து, அதை ஒட்டி 1869ல் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரைக்கும் வழக்குப் போனது. பாட்டுக்காகச் சண்டை போட்டது நாம் மட்டும் இல்லை என்று எனக்கு ஒரு ஆறுதல்!

அருட்பெருஞ்ஜோதி அகவல் 1596 அடி. அவ்வளவும் யாருக்கு மனப்பாடம் வரும்? ஆனால் மகாமந்திரம் நாலே சொல் மாதிரி, ஒரு தடவை கேட்டால் போதும். தைப்பூசத்தில் ஏழு திரையும் விலகும்போது அங்கே நிற்கிற கூட்டம் முழுக்க அதையே திருப்பித் திருப்பிச் சொல்லும். போன தைப்பூசத்துக்கு நானும் போயிருந்தேன். பக்கத்தில் நின்றது யார், எந்த ஊர் என்று தெரியாது. அந்த அம்மாவின் கை என் தோளில் இருந்தது.

சாமி இல்லாத பாட்டும் கூடிப் பாடியிருக்கிறார்கள். 1990களில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் பாட்டும் நாடகமுமாகத்தான் போனது. புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினதற்கு ஒரு சைக்கிள் பாட்டே உண்டு. நம்ம சுய உதவிக் குழுவும் ஏறக்குறைய அந்தச் சமயம்தான். 1989ல் தர்மபுரியில் ஆரம்பித்துப் பிறகு தென்னாற்காட்டுக்கு வந்தது.

இவ்வளவையும் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மூத்த அக்கா ஒருவர் மட்டும், "இதெல்லாம் சரிடி. வயல்ல நாங்க பாடலையா? அதுல யார் என்ன சாதி, என்ன சாமின்னு பார்த்தோமா?" என்றார். நடவுப் பாட்டு. ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், வரிசை முழுக்கப் பின்பாட்டு, நாத்து நடுகிற கைக்குத் தாளம். இப்போது நடவு மெஷின் வந்த பிறகு பாட யாருக்கும் வேலை இல்லை. வரிசையில் யார் முதலில் நிற்பது என்பதில் அங்கேயும் சாதி இருந்தது என்று இன்னொரு அக்கா சொன்னார். மூத்த அக்கா பதில் பேசவில்லை.

அப்போதுதான் வாசல் ஓரத்திலிருந்து அந்தத் தங்கச்சி, "எங்க அம்மா மழைப் பாட்டு ஒண்ணு பாடும், கும்மி மெட்டு" என்றது. பாடச் சொன்னோம். வெட்கப்பட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பிறகு பாடியது. இரண்டாவது தடவை பல்லவிக்கு எல்லாரும் கை தட்டிச் சேர்ந்துகொண்டோம்.

இரண்டு அக்காமாருக்கு இன்னும் மனத்தாங்கல்தான். சாமி பேர் சொல்லாமல் கூட்டம் ஆரம்பிக்கலாமா என்கிறார்கள். மூன்று மாசம் பாடிப் பார்ப்பது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். அந்த ஐந்து ரூபாய் அபராதங்களையும் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மொத்தம் முப்பத்தைந்து ரூபாய்.

பாட்டில் முதல் சரணம்தான் அந்தத் தங்கச்சிக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டாவது சரணம் ஏரி நிறைவதைப் பற்றி என்று அதனுடைய அம்மா சொல்கிறார், வார்த்தை வரவில்லை. என் மாமியார் வேற மாதிரி சொல்கிறார். உங்கள் ஊரில் யாருக்காவது தெரிந்தால் சொல்லி அனுப்புங்கள். தீர்மான நோட்டில் அரைப் பக்கம் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.