சிறு தோட்டமும் பெருந்தோட்டமும்

புதிய முறைகளைக் கையாள்வதில் முந்திக்கொள்வது பெரிய நிறுவனமா, சிறிய நிறுவனமா? இக்கேள்விக்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்து ரப்பரின் வரலாறே நமக்குப் போதும்.

நம் நாட்டு வழக்கப்படி, 100 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ளவை தோட்டங்கள். அதற்குக் குறைந்தவை சிறு தோட்டங்கள். இவ்வட்டாரத்தில் இரண்டும் அருகருகே வளர்ந்தன. ஒரு பக்கம், அமெரிக்க ரப்பர்க் கம்பெனி நடத்திய ஹார்வர்ட் போன்ற பெருந்தோட்டங்கள்; மறுபக்கம், ஒரு குடும்பமே பால் வெட்டிப் பிழைக்கும் ஐந்தாறு ஏக்கர் நிலங்கள்.

1910-களில் டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த ஜாவா, சுமத்ரா தீவுகளில் ஒட்டுக்கட்டும் முறை உருவாயிற்று. மிகுதியாகப் பால் தரும் மரத்தின் மொட்டை எடுத்து, இளங்கன்றின் பட்டையில் பொருத்துவதே அம்முறை. நல்ல ஒட்டுமரங்கள் பழைய விதைமரங்களைவிட இரண்டு மூன்று மடங்கு பால் தந்தன. ஆனால் பழைய மரங்களை அழித்து மறுநடவு செய்தால், ஆறேழு ஆண்டுகளுக்கு வருமானம் இராது. ஆயிரம் ஏக்கர் உடைய கம்பெனி, ஆண்டுக்கு முப்பது ஏக்கரை மட்டும் அழித்து நடலாம். மற்ற மரங்கள் சோறு போடும். ஐந்து ஏக்கர்க்காரர் மரங்களை வெட்டிவிட்டால் அவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும்? 1934-ஆம் ஆண்டின் அனைத்துலக ரப்பர் ஒப்பந்தமோ புதுநடவைக் கடுமையாகக் கட்டுப்படுத்திற்று. அதனால் மறுநடவுக்கு வசதி உடையவர்களே முன்னேறினர்.

அதற்காகப் பெரியவர்களே எல்லாவற்றிலும் முன்னோடிகள் என்று நாம் எண்ணிவிடலாகாது. தொடக்கக் காலத்தில் பெருந்தோட்டங்கள் ஒரு புல்லும் இல்லாமல் களையெடுக்கச் செய்தன. மழையில் மேல்மண் கரைந்தோடிற்று. சிறு தோட்டத்திலோ புல்லும் செடியும் மண்ணைப் பிடித்துக்கொண்டன. பெருந்தோட்டங்கள் அவரையினக் கொடிகளை மூடுபயிராக வளர்க்கத் தொடங்கியது பின்னர்தான். பெரிய இடத்தில் ஒரு வழக்கம் மாற, துரை, ஏஜென்சி அலுவலகம், லண்டன் இயக்குநர்கள் எனப் பல படிகள் ஏற வேண்டும். சிறு தோட்டக்காரர் நேற்று இரவு நினைத்ததை இன்று காலை செய்வார்.

சிறிய கம்பெனி ஒன்றும் பெரும் புதுமை செய்ததுண்டு. முதல் உலகப்போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் படை அதிகாரிகள் சிலர், 1921-இல் சிலாங்கூரில் பிராங் பெசார் தோட்டத்தைத் தொடங்கினர். சிறந்த மரங்களைத் தேடிப் பொறுக்கி, புதிய இனங்களை வளர்ப்பதையே அவர்கள் தங்கள் சிறப்புத் தொழிலாகக் கொண்டனர். இன்று புத்ராஜெயா எழுந்து நிற்பது அந்நிலத்தில்தான். அங்கே பிறந்த பி.பி. 86 என்னும் இனத்தை, ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1937-இல் ஜாவாவின் ஜீர் 1 இனத்தோடு இணைத்தது. அதன் பயனே புகழ்பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600.

அக்கழகம் 1925-இல் அமைக்கப்பட்டது. ரப்பர் ஏற்றுமதியின்மீது வாங்கிய தீர்வையே அதன் செலவைத் தாங்கிற்று. ஆகவே அதன் ஆராய்ச்சிக்குச் சிறியவரும் பங்கு செலுத்தினர். எனினும் அந்த இனங்கள் அவர்கள் நிலத்தை எட்ட, 1952-இல் ஏற்பட்ட மறுநடவு நிதி தேவைப்பட்டது. நிதி உதவி தவணை தவணையாக வந்தது. மரம் வளரும்வரை குடும்பம் ஓரளவு தாக்குப்பிடித்தது. 1973-இல் ரிஸ்டா அப்பணியை ஏற்றது.

இதில் நாம் மறக்கக்கூடாத ஒன்றுண்டு. பெரிய கம்பெனியால் காத்திருக்கவும் முடியும். விற்றுவிட்டுப் போகவும் முடியும். 1950-களில் பல தோட்டங்கள் விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டபோது, வேலையும் வீடும் இழந்தவர்கள் நம் தொழிலாளர்களே. அதற்கு விடையாக, துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்களின் சிறு சிறு பங்குப் பணம் சேர்ந்து, அடுத்த ஆண்டே நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கிற்று. சிறியவர்கள் பலர் கூடிப் பெரியவராயினர். இதுவும் ஒரு புதுமைதான்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் தெளிவது என்ன? சிறியவர்க்கு அறிவு குறைவன்று, துணிவும் குறைவன்று. அவரிடம் இல்லாதது, பலன் வரும்வரை காத்திருக்கும் வசதி ஒன்றே. அதை நிதியாலோ கூட்டுறவாலோ கொடுத்த இடத்தில், புதுமை அவர் நிலத்திலும் வேரூன்றிற்று.