திருவண்ணாமலை மாவட்ட நீதிபதிகளும் நியமன முறையும்

அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் சட்ட வழக்குகளை விசாரிக்கத் தனி மாவட்ட நீதிமன்றங்கள் 1789-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றின. அவற்றின் நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் முன்மொழிகிறார். செனட் அவை ஒப்புதல் தருகிறது. இந்தியாவில் அத்தகைய இரட்டை அமைப்பு இல்லை. மத்திய, மாநிலச் சட்டங்கள் இரண்டின் கீழும் எழும் வழக்குகளைப் பொதுவாக ஒரே மாவட்ட நீதிமன்றமே விசாரிக்கிறது.

வரலாறு

சென்னை மாகாணத்தில் 1802-இல் ஜில்லா நீதிமன்றங்கள் தொடங்கின. தாமஸ் மன்றோவின் பரிந்துரைப்படி 1816-இல் வந்த விதிகள், இந்தியர்கள் பணியாற்றிய முன்சீப்பு நீதிமன்றங்களுக்கு வலுவூட்டின. அதே விதிகள் வரி வசூலிக்கும் கலெக்டரிடமே மாஜிஸ்திரேட் அதிகாரத்தையும் அளித்தன. வரி கேட்பவரே தண்டனையும் விதிக்கும் நிலை உருவானது. 1873-ஆம் ஆண்டின் சென்னை உரிமையியல் நீதிமன்றங்கள் சட்டம் மாவட்ட நீதிபதி, சார்பு நீதிபதி, மாவட்ட முன்சீப்பு என்ற படிநிலையை வகுத்தது. ஆங்கிலேயர் காலத்தில் மாவட்ட நீதிபதி பதவிகளில் பெரும்பாலும் ஐ.சி.எஸ். அதிகாரிகளே அமர்ந்தனர்.

திருவண்ணாமலை வட்டம் முதலில் தென்னார்க்காடு மாவட்டத்திலும், பின்னர் வடஆர்க்காடு மாவட்டத்திலும் இருந்தது. 1989 செப்டம்பர் 30-இல் தனி மாவட்டம் உருவானது. மாவட்ட நீதித்துறைக்குத் திருவண்ணாமலை நகரமே தலைமையிடமாகும். ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர், செங்கம் ஆகிய ஊர்களிலும் நீதிமன்றங்கள் இயங்குகின்றன.

நியமன முறை

அரசியலமைப்பின் 233-ஆம் பிரிவின்படி, உயர் நீதிமன்றத்தைக் கலந்து ஆளுநர் மாவட்ட நீதிபதிகளை நியமிக்கிறார். வழக்கறிஞர்கள் நேரடியாகத் தேர்வுபெற ஏழாண்டு அனுபவம் வேண்டும். மற்றவர்கள் கீழ்நிலை நீதிப் பணியிலிருந்து உயர்கின்றனர். தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதித் தேர்வைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிறது. பதவி உயர்வு, பணியிட மாற்றம், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை 235-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன.

கலந்தாலோசனை வெறும் சடங்கா என்ற கேள்வி 1966-இல் சந்திர மோகன் வழக்கில் எழுந்தது. உத்தரப் பிரதேசத்தில் வருவாய்த் துறை சார்ந்த மாஜிஸ்திரேட்டுகளும் மாவட்ட நீதிபதிகளாகத் தேர்வு செய்யப்பட்டிருந்தனர். அந்த விதிகள் செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே நடந்த நியமனங்களைக் காக்க 20-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் அதே ஆண்டில் வந்தது. 1974 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், நீதித்துறை நடுவர்களை நிர்வாக நடுவர்களிடமிருந்து பிரித்தது.

முக்கியத்துவம்

நில உரிமை, ஜீவனாம்சம், கொலைக் குற்றம் எதுவாயினும் சாதாரண மக்கள் முதலில் அணுகுவது மாவட்ட அளவிலான நீதிமன்றத்தையே. பலரது வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. அரசையே எதிர்த்து வழக்காடும் ஒருவருக்கு, நீதிபதியின் பதவி உயர்வும் இடமாற்றமும் அந்த அரசின் கையில் இல்லை என்பதே முதல் பாதுகாப்பாகும். இத்தேர்வுகளின் கதவு இன்று அகலத் திறந்துள்ளது. ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஒருவர் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி 2024-இல் தமிழகமெங்கும் பேசப்பட்டது.