காதில் மாட்டியதும் கண்ணில் மாட்டுவதும்



பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது ஒரு புதிய கேள்வி எழுந்திருக்கிறது. "அப்பா, விளையாட வி.ஆர். கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுங்கள்" என்று பையன் கேட்கிறான். வாங்கலாமா, வேண்டாமா என்று பெற்றோர் ஆசிரியர்களாகிய நம்மிடம் வந்து விசாரிக்கிறார்கள். "வாங்குங்கள்" என்றோ "வேண்டாம்" என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் சொல்லும் பதில் அடுத்த புதுப்பொருள் கடைக்கு வரும்போது உதவாது. ஆகவே இதன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

முதலில் அது என்ன பொருள்? நீச்சல்காரர் கண்ணில் மாட்டும் கண்ணாடியைப் போல, ஆனால் அதைவிடப் பெரிதாகத் தலையில் கட்டிக்கொள்ளும் கருவி. உள்ளே இரண்டு வில்லைகள். அவற்றின் பின்னால் திரை. இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்குச் சற்றே மாறுபட்ட இன்னொரு படம். மூளை இரண்டையும் ஒன்றாக்கி, ஆழமும் தூரமும் உள்ள காட்சியாகக் காண்கிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். கையில் பிடித்த கருவியை வீசினால், விளையாட்டில் வாள் வீசப்படும். காட்டுக்குள் நிற்பதுபோல் இருக்கும். நிற்பது என்னவோ நம் வீட்டுக் கூடத்தில்தான்.

இந்தத் தந்திரம் நேற்று வந்ததன்று. 1838ஆம் ஆண்டிலேயே சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கில அறிஞர் இரு கண்களுக்கு இரு படங்கள் காட்டும் கருவியைப் பற்றி எழுதினார். 1851இல் லண்டன் பொருட்காட்சியில் டேவிட் புரூஸ்டர் வடிவமைத்த படக்கண்ணாடி வைக்கப்பட்டது. அதன் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீடுதோறும் அது பரவிற்று. தலையை அசைத்தால் காட்சியும் அசையும் கருவியை, 1968இல் ஐவன் சதர்லேண்ட் என்பவர் அமெரிக்காவில் செய்து காட்டினார். அது மிகவும் பளுவாக இருந்ததால் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது.

விளையாட்டுக்கென்று கடைக்கு வந்தவற்றில் பெயர் பெற்றது, 1995இல் ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் வெளியிட்ட வர்ச்சுவல் பாய். புகழ்பெற்ற நிறுவனம்தான், விளம்பரத்துக்கும் குறைவில்லை. ஆனால் படம் சிவப்பும் கறுப்புமாகவே தெரிந்தது. பார்த்தவர்களுக்குக் கண் வலித்தது; தலை வலித்தது. விளையாட்டுகளோ இருபத்திரண்டுதான். ஓராண்டுக்குள் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். வாங்கியவர்கள் கையில் பெட்டி மட்டும் மிஞ்சியது.

பின்னர் 2012இல் ஓக்குலஸ் என்ற புதிய நிறுவனம் பொதுமக்களிடம் பணம் திரட்டி இம்முயற்சியை மீண்டும் தொடங்கியது. 2014இல் ஃபேஸ்புக் நிறுவனம் அதனை வாங்குவதாக அறிவித்தது. விலை ஏறக்குறைய 200 கோடி அமெரிக்க டாலர். 2016இல் ஓக்குலஸ் கண்ணாடி 599 டாலருக்குக் கடைக்கு வந்தது. அதனுடன் இணைக்க விலையுயர்ந்த கணினி ஒன்றும் தேவைப்பட்டது. 2020இல் கணினியே வேண்டாத குவெஸ்ட் 2 என்ற கண்ணாடி 299 டாலருக்கு வந்தது. விலை குறைந்தது, பொருளும் மேம்பட்டது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி நம் ஜொகூருக்கு வருவோம். புதுக்கருவி ஒன்று எப்படி வீட்டுக்குள் வருகிறது என்பதற்கு நல்ல பாடம் இங்கேயே இருக்கிறது. மலாயாவுக்கு முதல் வானொலிப் பெட்டி வந்தது ஜொகூருக்குத்தான். 1921ஆம் ஆண்டில், ஜொகூர் அரசாங்கத்தின் மின்பொறியாளராக இருந்த ஏ. எல். பர்ச் அதனைக் கொண்டுவந்தார். 1875இல் பேராக்கில் கொல்லப்பட்ட பர்ச் வேறு, இவர் வேறு. இவர் ஜொகூர் கம்பியில்லாச் சங்கத்தைத் தோற்றுவித்து ஒலிபரப்பும் செய்தார். பிறகு பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இத்தகைய சங்கங்கள் தோன்றின.

அக்காலத்து எளிய வானொலிகளில் ஒலிபெருக்கி கிடையாது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒருவர் மட்டும் கேட்கவேண்டும். இன்றைய கண்ணாடி கண்ணுக்கு எப்படியோ, அன்றைய வானொலி காதுக்கு அப்படி. அது துரைமார்களுக்கும் வசதி படைத்தோருக்கும் உரிய பொழுதுபோக்கு. கேட்பதற்கு நிகழ்ச்சிகளும் அதிகமில்லை. நம் பாட்டனார்கள் அன்று பால்மரக் காட்டில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பெட்டியை அவர்கள் வாங்கவில்லை. வாங்காததால் அவர்களுக்கு ஒரு குறையும் நேர்ந்துவிடவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக மாறுதல்கள் வந்தன. ஒலிபெருக்கி வந்ததும், ஒருவர் கேட்டதை வீடு முழுவதும் கேட்டது. 1946இல் ஒலிபரப்புத் துறை அமைக்கப்பட்டது. தமிழ் உட்படப் பல மொழிகளில் நிகழ்ச்சிகள் வளர்ந்தன. 1948இல் அவசரகாலம் தொடங்கிய பின்னர், கம்பங்களிலும் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுவாகக் கேட்க அரசாங்கம் வானொலிப் பெட்டிகளை வைத்தது. அரசாங்கத்தின் நோக்கம் அரசியல் செய்தியைப் பரப்புவது. ஆயினும் தனியாக வாங்க இயலாதவர்களும் கூடிக் கேட்க அதனால் வழி பிறந்தது. அதன்பின் டிரான்சிஸ்டர் வந்தது. பெட்டி சிறியதாயிற்று, மின்கலச் செலவும் குறைந்தது. அப்போதுதான் வானொலி லயத்து வாசலுக்கு வந்தது. சமையல் செய்யும் தாயும், வேலை முடிந்து வந்த தந்தையும், பாடம் எழுதும் பிள்ளையும் ஒரே பெட்டியில் பயன் பெற்றார்கள்.

1963இல் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் தொடங்கிய தொலைக்காட்சியும் இவ்வாறே வளர்ந்தது. முதலில் ஒரு சிலர் வாங்கினார்கள். அவர்கள் வீட்டில் அண்டை அயலார் கூடிப் பார்த்தார்கள். விலை இறங்கிய பிறகு மற்றவர்களும் வாங்கினார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறும் அளவுகோல் மூன்று. விலை நம் வருமானத்துக்குள் அடங்குகிறதா? பெட்டியை வாங்கிய பிறகும் புதிய நிகழ்ச்சிகள் தொடர்ந்து கிடைக்கின்றனவா? வீட்டில் எத்தனை பேருக்கு அது பயன்படும்? வானொலி இம்மூன்றிலும் தேறிற்று. வர்ச்சுவல் பாய் இரண்டாவதில் விழுந்தது. 2010ஆம் ஆண்டையொட்டி ஆரவாரமாக வந்த முப்பரிமாணத் தொலைக்காட்சியோ, ஒவ்வொருவருக்கும் தனிக்கண்ணாடி கேட்டது. பார்ப்பதற்குப் படங்களும் போதவில்லை. 2017க்குள் பெரிய நிறுவனங்கள் அதனைக் கைவிட்டன.

வி.ஆர். கண்ணாடியை இதே அளவுகோலால் அளப்போம். 2024இல் வந்த குவெஸ்ட் 3எஸ் அமெரிக்காவில் 299 டாலர் 99 காசுக்கு வெளியிடப்பட்டது. அன்றைய மாற்று விகிதப்படி நம் பணத்தில் 1,200 வெள்ளிக்கு மேல். 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அப்படியானால் ஒருவர் சம்பளத்தில் முக்கால் பங்கு அளவுக்கு அதிலேயே போய்விடும். விளையாட்டுகளுக்குப் பெரும்பாலும் தனி விலை. சோனி நிறுவனத்தின் கண்ணாடியென்றால் பிளேஸ்டேஷன் 5 பெட்டியோ, தனி இணைப்புக் கருவியுடன் கணினியோ வீட்டில் இருக்கவேண்டும்.

விளையாட்டுகளில் நல்லவை உண்டு. இசைக்கேற்பக் கட்டைகளை வெட்டும் பீட் சேபர் போன்றவை உட்கார்ந்தே இருக்கும் பிள்ளையை எழுந்து ஆடவைக்கும். ஆனால் கருவி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2019இல் வெளிவந்த முதல் குவெஸ்டுக்குப் புதிய வசதிகள் தருவதை 2023இல் நிறுத்தினார்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 வரைதான். ஐந்தாண்டுக்குள் புதுப்பொருள் பழம்பொருளாகிவிட்டது.

மூன்றாவது அளவில்தான் அது மிகவும் பின்தங்குகிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் மாட்ட முடியும். அவர் காண்பதைக் கைப்பேசியிலோ தொலைக்காட்சியிலோ மற்றவர்க்குக் காட்டலாம். ஆனால் அது வெறும் வேடிக்கை. ஆடுபவரும் சுவரில் மோதாமல் இருக்க வெற்றிடம் தேவை. நம் கூடத்தில் நாற்காலியை நகர்த்தினால் அலமாரி இடிக்கும்.

உடல்நலத்தையும் கவனிக்கவேண்டும். கண் ஓடுவதாகச் சொல்லும்; காதின் உட்புறமுள்ள சமநிலை உறுப்போ நிற்பதாகச் சொல்லும். இந்த முரண்பாட்டால், வளைந்த தோட்டச் சாலையில் பேருந்தில் போகும்போது குமட்டுவதுபோல் சிலருக்குக் குமட்டும். சோனி தன் கண்ணாடியைப் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்க்கு ஆகாது என்கிறது. குவெஸ்டுக்குப் பத்து வயது வேண்டும்; பன்னிரண்டு வரை பெற்றோரின் மேற்பார்வைக் கணக்கும் தேவை.

ஆகவே நமது கருத்து இது. மாதாந்திரக் கடன் இல்லாமல், விளையாட்டுக்கென்றே ஒதுக்கிய பணம் கையில் இருந்து, பெரிய பிள்ளை தொடர்ந்து ஆடுவான் என்ற உறுதியும் இருந்தால் வாங்கலாம், அதில் குற்றமில்லை. அதற்கும் முன்பு, நகரத்து வணிக வளாகத்தில் கட்டணம் கொடுத்து ஆடும் இடம் இருந்தால், அங்கே ஓரிரு முறை ஆடிப் பார்க்கட்டும். குமட்டுகிறதா, ஆசை ஒரு மணி நேரத்தில் தணிகிறதா என்பது சில வெள்ளியில் தெரிந்துவிடும். ஆழம் அறிந்து காலை விடு என்பது நம் முன்னோர் வாக்கு.

மற்றக் குடும்பங்கள் இப்போது காத்திருப்பதே நன்று. தவணைக்கு வாங்கவேண்டாம். பிள்ளையிடம் வெறுமனே அதட்டி "இல்லை" என்று சொல்லாமல், விலையையும் சம்பளத்தையும் தாளில் எழுதி அவனோடு சேர்ந்து கணக்குப் பார்ப்போம். பள்ளியிலோ சமூக மண்டபத்திலோ பெற்றோர் சங்கம் பொதுவில் ஒன்று வாங்கிவைத்தால், பிள்ளைகள் முறைவைத்து ஆடலாம்; பாடத்துக்கும் அது உதவும். தோட்டத்துப் பொது வானொலியைச் சுற்றி நின்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது புதிய வழியன்று.