துப்பாக்கியின் விலை

நேற்றுவரை சட்டம் அனுமதித்த உடைமையை இன்று அதே சட்டம் பறிக்குமானால், அதன் விலையைக் கொடுப்பவர் யார்?

1996 ஏப்ரல் 28 ஆம் நாள், அவுஸ்திரேலியாவின் போர்ட் ஆதரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பன்னிரண்டே நாட்களில் அந்நாட்டின் மத்திய, மாநில அரசுகள் ஒன்றுகூடி, துப்பாக்கிச் சட்டங்களை இறுக்க இணங்கின. நியாயமான ஈடின்றி எவருடைய உடைமையையும் எடுத்தலாகாது என்பது மத்திய அரசுக்கு அரசியலமைப்பு இட்ட கட்டளை. ஆகவே, மக்களின் வருமானத்தில் அறவிடப்படும் மருத்துவ வரி ஓராண்டுக்கு 1.5 வீதத்திலிருந்து 1.7 வீதமாக உயர்ந்தது. ஏறத்தாழ 6,40,000 துப்பாக்கிகள் நட்டஈடு கொடுத்துப் பெறப்பட்டு அழிக்கப்பட்டன. துப்பாக்கியைத் தொட்டறியாதவரும் அவ்விலையில் பங்கு கொடுத்தனர்.

இது அநீதியா? அன்று என்போம். அமைதி பொதுவுடைமையாயின், அதன் செலவும் பொதுவே அன்றோ?

நம் நாட்டில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே துப்பாக்கிகளை ஆள்கின்றது. 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்தது. சட்டம் மேலும் இறுகும் நாளும் வரலாம். அன்று, காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க அனுமதிப்பத்திரம் பெற்று, விளைச்சல் காசில் துப்பாக்கி வாங்கிய வன்னி விவசாயியை வெறுங்கையோடு அனுப்புதல் நீதியாகாது. துப்பாக்கிக்கு விலையும் பயிருக்குக் காவலும் அவனுக்கு உரியன.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சூட்டொலி கேளாத இரவுகளை விரும்பும் நாம், அந்த விலையில் நம் பங்கைக் கொடுக்கவும் ஆயத்தமாதல் வேண்டும்.