ஆயிரத்து ஐந்நூறு என்னும் வரம்பு

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில், நகரின் கிழக்கே அமைந்த ஊர் அயோத்தியாப்பட்டணம். இலங்கையிலிருந்து திரும்பிய இராமன், முடிசூட்டுக்குரிய நல்வேளை வழியிலேயே வந்துவிட்டமையால் இவ்விடத்தில் பட்டாபிடேகக் கோலம் காட்டினான் என்பது இங்குள்ள கோதண்டராமர் கோயிலின் தலக்கதை. நாயக்கர் காலத் தூண்களைக் காண்பதற்காக அவ்வப்போது அங்கே சென்று வருவது நமது வழக்கம். அப்படிச் சென்ற ஒரு மாலையில், வெளித் திண்ணையில் கைப்பேசியோடு அமர்ந்திருந்த நமது பழைய மாணவர் ஒருவரைக் கண்டோம். "என்னப்பா செய்கிறாய்?" என்று கேட்டதற்கு, "படை கட்டிட்டு இருக்கேன் ஐயா" என்றார்.

அவர் ஆடிக்கொண்டிருந்தது போக்கிமான் கோ என்னும் விளையாட்டு. ஒரே இனத்து உயிரி இரண்டு அவரிடம் இருந்தன. ஒன்று தாக்குதல், காப்பு, உயிர்வலு ஆகிய மூன்றிலும் பதினைந்துக்குப் பதினைந்து பெற்றிருந்தது. மற்றொன்று காப்பிலும் உயிர்வலுவிலும் பதினைந்து பெற்றிருந்தாலும் தாக்குதலில் சுழியமே பெற்றிருந்தது. அவர் முழு மதிப்பெண் பெற்றதை ஒதுக்கிவிட்டுச் சுழியத்தைப் படையில் சேர்த்தார். காரணம் கேட்டோம். "இதுதான் ஐயா நின்னு ஆடும்" என்பதே விடை. இருபது ஆண்டுகளாக விடைத்தாள் திருத்தி வரும் நமக்கு அவ்விடை விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள முயன்றதன் விளைவே இக்கட்டுரை.

போக்கிமான் என்பது 'பாக்கெட் மான்ஸ்டர்' என்பதன் சுருக்கம். சட்டைப்பைப் பூதம் எனலாம். இதனைப் படைத்தவர் சதோஷி தஜிரி. தோக்கியோவின் புறநகரில் பூச்சிகளைப் பிடித்து வளர்த்த தமது இளமை அனுபவத்தை, வயலும் குளமும் கட்டடங்களாகிவிட்ட காலத்துக் குழந்தைகளுக்குத் திரும்பத் தர அவர் விரும்பினார். 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில், நின்டெண்டோவின் கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்காகச் சிவப்பு, பச்சை என இரு பதிப்புகள் வெளிவந்தன. மொத்தம் 151 உயிரிகள். ஒரே பதிப்பில் எல்லாம் கிடைக்கமாட்டா. நண்பனுடைய கருவியோடு வடத்தால் இணைத்துப் பண்டமாற்று செய்துகொள்ள வேண்டும்.

இவ்விளையாட்டின் உயிர்நாடி வகைமை. நீர் நெருப்பை வெல்லும்; நெருப்பு புல்லை வெல்லும்; புல் நீரை வெல்லும். இன்று வகைகள் பதினெட்டு. எல்லாவற்றையும் வெல்லும் வகை ஒன்றுகூட இல்லை. ஆகவே தனி வீரனுக்கு இங்கு இடமில்லை. ஒன்றன் குறையை மற்றொன்று மறைக்கும் குழுவே வெல்லும். குழு அமைத்தல் என்னும் கலைக்கு வித்து அங்கேயே ஊன்றப்பட்டுவிட்டது.

எனினும் கைப்பேசிக்கு வந்தபோது அவ்வித்து உடனே முளைக்கவில்லை. நயாண்டிக் நிறுவனம் 2016 ஜூலையில் போக்கிமான் கோவை வெளியிட்டது. தெருவில் நடந்து, கோயில், சிலை, பூங்கா போன்ற இடங்களை அடைந்து உயிரிகளைப் பிடிக்கும் ஏற்பாடு அது. இந்தியாவில் முறைப்படி வெளியாகுமுன்னரே வழக்கு வந்துவிட்டது. வழிபாட்டிடங்களில் முட்டை வடிவங்கள் தோன்றுவது மனத்தைப் புண்படுத்துகிறது என்ற பொதுநல மனுவின்மேல், 2016 செப்டம்பரில் குஜராத் உயர்நீதிமன்றம் விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது. அவ்வாண்டு டிசம்பரில் ரிலையன்ஸ் ஜியோவுடன் கூட்டுச் சேர்ந்து விளையாட்டு இந்நாட்டுக்கு முறையாக வந்தது.

அக்காலத்துப் போர், 'ஜிம்' எனப்பட்ட காவலிடங்களைக் கைப்பற்றும் போர். அதில் 'சி.பி.' எனப்படும் போர்வலு எண் பெரிதாக இருப்பதே பெருமை. எண் பெரிதாக வேண்டுமாயின் நீண்ட காலம் ஆட வேண்டும். நிறையப் பிடிக்க வேண்டும். காவலிடங்கள் மலிந்த நகரத்தில் வாழவும் வேண்டும். பெருநகரத்தானுக்கும் சிற்றூரானுக்கும் இடையிலான வேறுபாடு அவ்வெண்ணிலேயே தெரிந்துவிடும். எண் சிறுத்த உயிரிகளைப் பேராசிரியர் என்னும் பாத்திரத்திடம் அனுப்பிவிட்டு, ஈடாக ஒரு மிட்டாய் பெற்றுக்கொள்வதே வழக்கம். அப்படிக் கழிந்துபோனவற்றுள் எத்தனை பின்னாளில் தேடப்பட்டவையோ!

திருப்பம் 2018 டிசம்பரில் நேர்ந்தது. ஆடுபவர் இருவர் நேருக்கு நேர் மோதும் முறை அறிமுகமாயிற்று. ஒவ்வொருவருக்கும் மூன்று உயிரிகள். எதிரியின் பெருந்தாக்குதலைத் தடுக்க இரண்டு கேடயங்கள். அதனினும் முக்கியமானது வரம்பு. கிரேட் லீக்கில் போர்வலு 1500ஐ மீறக்கூடாது. அல்ட்ரா லீக்கில் 2500ஐ மீறக்கூடாது. மாஸ்டர் லீக் ஒன்றே வரம்பற்றது.

நம் கொங்கு நாட்டுச் சேவற்கட்டை அறிந்தவர்க்கு இது புதிதன்று. அங்கும் உருவமும் எடையும் ஒத்த சேவல்களை ஜோடி சேர்த்த பின்பே கட்டுக்கு விடுவர். ஒப்புமை இல்லாத சண்டை சண்டையே அன்று என்பது அக்களத்தின் எழுதாச் சட்டம். ஆனால் கைப்பேசிக் களத்தில் அவ்வரம்பு, அதனை விதித்தவர்கள்கூட எதிர்பார்த்திருப்பார்களோ என்று ஐயுறத்தக்க விளைவொன்றைத் தோற்றுவித்தது.

போர்வலு எண்ணைக் கணக்கிடும் வாய்பாட்டில் தாக்குதல் முழுமையாகப் பெருக்கப்படுகிறது. காப்பும் உயிர்வலுவும் வர்க்கமூலமாகவே பெருக்கப்படுகின்றன. எளிதாகச் சொன்னால், தாக்குதல் விலையுயர்ந்த சரக்கு. மற்றவை இரண்டும் மலிவு. கையிருப்பு 1500 மட்டுமே எனும்போது, விலையுயர்ந்ததைக் குறைத்து மலிவானதை மிகுதியாக வாங்குபவனே கெட்டிக்காரன். தாக்குதல் குறைந்த உயிரி அதே வரம்புக்குள் மேலும் சில படிகள் வளரலாம். மேலும் சில அடிகள் தாங்கலாம். மாணவர் சுழியத்தைத் தேர்ந்ததன் நுட்பம் இதுதான். நேற்றுவரை குப்பையென்று கழிக்கப்பட்டவை வரம்பு வந்த நாளில் மாணிக்கமாயின. மாணிக்கமாக அவை மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது.

இனி மூவரை எவ்வாறு தேர்வது? தமிழ்ப் போரிலக்கியம் படையின் முன்னணியைத் தார் என்றும் தூசி என்றும், பின்னணியைக் கூழை என்றும் வழங்கும். இங்கும் முதலில் இறங்குவது தூசி. தூசி தவறான எதிரியைச் சந்தித்துவிட்டால் அதனை மாற்றி இறக்கப்படுவது இரண்டாவது. யாரைச் சந்தித்தாலும் எளிதில் வீழாதிருப்பதே அதற்கு இலக்கணம். ஒருமுறை மாற்றியபின் சில பத்து வினாடிகளுக்கு மீண்டும் மாற்ற இயலாது என்பதால் அத்தேர்வே பல ஆட்டங்களைத் தீர்மானிக்கிறது. கேடயங்கள் தீர்ந்த கடைசி வேளையில் நின்று முடிப்பது கூழை.

தொடக்க ஆண்டுகளில் கிரேட் லீக்கில் அடிக்கடி தென்பட்ட மூன்று பெயர்களைக் கொண்டு இதை விளக்கலாம். அல்டாரியா, பறவையும் நாகமும் கலந்த வகை. அதற்குப் பகை பனி, பாறை, தேவதை, நாகம் ஆகிய நான்கும். ரெஜிஸ்டீல் எஃகு வகை. அந்நான்கு அடிகளையும் எஃகு எளிதாகத் தாங்கும். ரெஜிஸ்டீலுக்குப் பகை நெருப்பு, மண், மல்லு. அம்மூன்றையும் அல்டாரியா தாங்கும். ஒன்றன் புண்ணுக்கு மற்றொன்று மருந்து. இவற்றோடு நீரும் தேவதையும் கலந்த அசுமரிலைச் சேர்த்தால், அதன் பகைகளான புல்லையும் நஞ்சையும் தாங்க மற்ற இருவரில் ஒருவரேனும் உண்டு. மின்னலை மட்டும் தாங்குவார் இல்லை. மூவரைக் கொண்டு பதினெட்டு வகைகளையும் அடைத்துவிட முடியாது. எந்த ஓட்டையைத் திறந்து வைப்பது என்று அறிந்து திறந்து வைப்பதே சமநிலை.

வேறொரு நெறியும் உண்டு. ஒரே பகையை உடைய இருவரைப் பின்னால் நிறுத்தி, அப்பகையை வீழ்த்தவல்ல ஒருவரை முன்னால் நிறுத்துவது. எதிரி தன்னிடமுள்ள ஒரே மறுமருந்தை முன்னதாகவே செலவிட்டுவிட்டால், பின்னவர் இருவரும் தடையின்றி ஆடலாம். பார்வைக்குச் சமநிலையற்றதாகத் தோன்றும் இக்குழு ஆட்டத்தின் ஓட்டத்தில் சமநிலை பெறுகிறது.

இதையெல்லாம் கேட்டபோது நமக்கு நினைவுக்கு வந்தது புறப்பொருள் வெண்பாமாலை. ஐயனாரிதனார் தாக்குதலையும் அதற்குரிய எதிர்ச்செயலையும் இணை இணையாக வைக்கிறார். ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை. படையெடுத்தல் வஞ்சி, எதிரூன்றல் காஞ்சி. மதில் வளைத்தல் உழிஞை, காத்தல் நொச்சி. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு மாற்றுப்பூ உண்டு. தும்பைக்கு மட்டும் இல்லை. இருபடையும் ஒரே பூவைச் சூடிப் பொருவது அது. மாணவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. இருவரும் ஒரே உயிரியை இறக்கிவிட்டால் வகைமை உதவாது. காலக்கணக்கும் கேடயக்கணக்கும் மட்டுமே மிஞ்சும் என்றார். "அப்ப அது தும்பை ஐயா" என்று அவரே முடித்தார். வகுப்பில் மூன்றாண்டுகள் நாம் சொல்லியும் நில்லாத பாடம் அத்திண்ணையில் நின்றுவிட்டது.

குழு அமைக்கும் இக்கலையை வளர்த்தவர்கள் பெரும்பாலும் ஆடுபவர்களே. 2019 முதல் 'சில்ஃப் அரீனா' என்ற ஆர்வலர் அமைப்பு மாதந்தோறும் புதிய விதிகளோடு போட்டிகள் நடத்தியது. ஆறு உயிரிகளை எதிரிக்குக் காட்டிவிட்டு அவற்றுள் மூன்றை மறைவாகத் தேரும் முறை அங்கே செழித்தது. 2023இல் அவ்வமைப்பு மூடப்பட்டாலும், அதற்குள் அம்முறை அதிகாரபூர்வமான உலகப் போட்டியின் முறையாகவும் ஆகிவிட்டிருந்தது. 2020 தொடக்கத்தில் 'கோ பேட்டில் லீக்' வந்தது. இருந்த இடத்திலிருந்தே முன்பின் அறியாத ஒருவரோடு மோதலாம். ஆட்டவாய்ப்பு பெறக் குறிப்பிட்ட தொலைவு நடக்க வேண்டும் என்றிருந்த விதி, பெருந்தொற்றுக் காலத்தில் நீக்கப்பட்டது. சிற்றூர்களுக்கு அது பெரும் வாயில். எதிராளியைத் தேடிச் சேலத்துக்குக்கூடப் போக வேண்டியதில்லை.

2022இல் இலண்டனில் நடந்த போக்கிமான் உலகப் போட்டியில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. ஜெர்மனியின் 'டான்சிங்ராப்' வென்றார். 2023இல் யோக்கஹாமாவிலும் 2024இல் ஹொனலூலுவிலும் நடந்தவற்றில் முறையே அமெரிக்கரும் ஹாங்காங்கினரும் வென்றனர். 2025 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் அனஹைமில் வென்றவர் 'பீல்செபாய்' என்ற ஆட்டப்பெயர் கொண்ட இந்தியர். காவலிடங்களின் அடர்த்தியிலும் வாங்கும் ஆற்றலிலும் பல நாடுகளுக்குப் பின்தங்கிய நாட்டிலிருந்து ஒருவர் உலகக் கோப்பையைத் தூக்கியதற்கு, வரம்புக்குட்பட்ட ஆட்டம் என்ற அடிப்படை இல்லாவிடில் வழியேது? அவ்வெற்றியைத் தாம் இரவு விழித்துப் பார்த்ததாக மாணவர் சொன்னார்.

ஆனால் வரம்பு தந்த நீதி முழுமையானதன்று. 2020 இறுதியில் உயிரிகளின் உச்சநிலை 40இலிருந்து 50ஆக உயர்த்தப்பட்டது. அதற்கு 'எக்ஸ்.எல்.' மிட்டாய் என்ற அரிய பண்டம் வேண்டும். 40ஆம் நிலையிலும் 1500ஐ எட்டாத மெடிசாம் போன்ற உயிரிகள், இப்பண்டம் உடையவர் கையில் மட்டும் வரம்பின் விளிம்புவரை வளர்ந்தன. பெரும் எண்ணிக்கையில் பிடிப்பவருக்கும், பண்டமாற்றுக்கு நண்பர் கூட்டம் உடையவருக்கும் அம்மிட்டாய் சேரும். தொலைவிலிருந்தே கூட்டுவேட்டையில் சேர உதவும் நுழைவுச்சீட்டின் விலை 2023 ஏப்ரலில் நூறு நாணயத்திலிருந்து நூற்றுத் தொண்ணூற்றைந்தாக உயர்ந்தது. நாளொன்றுக்கு ஐந்து என்ற கட்டுப்பாடும் வந்தது. அருகில் கூட்டம் இல்லாதவனையே அது மிகுதியாகத் தொட்டது. முன்கதவில் வெளியேற்றப்பட்ட செல்வம் பின்கதவில் திரும்பி வந்துவிட்டது. 2025இல் நயாண்டிக்கின் விளையாட்டுத் தொழில் ஸ்கோப்லி நிறுவனத்துக்கு 350 கோடி டாலருக்குக் கைமாறியபின், அக்கதவு எவ்வளவு அகலத் திறக்கும் என்பதே ஆடுவோரிடையே உள்ள கவலை.

இருட்டத் தொடங்கியபோது மாணவர் ஒரு போட்டி ஆடிக் காட்டினார். தூசியாக இறக்கிய அல்டாரியாவுக்கு எதிரே பனி வகை வந்தது. மாற்றி எஃகை இறக்கினார். எதிரி மண் வகையை இறக்கினான். கேடயங்கள் இருபுறமும் தீர்ந்தன. கடைசியில் தாக்குதலில் சுழியம் பெற்ற அவ்வுயிரி தனியே நின்று, எதிரியின் கடைசி ஆளிடம் அடிமேல் அடி வாங்கி, நூலிழையில் தோற்றது. நாம் வருந்தினோம். அவர் வருந்தவில்லை. "எதிராளிகிட்ட இருந்தது எக்ஸ்.எல். ஐயா, அதுக்கு எதிரே இவ்வளவு நேரம் நின்னதே போதும்" என்று சொல்லி, அடுத்த ஆட்டத்துக்கு மூவரின் வரிசையை மாற்றலானார்.

வீடு திரும்பி, எஞ்சியிருந்த விடைத்தாள்களை எடுத்தோம். ஒரே அளவுகோலைக் கொண்டு நாம் எத்தனை பேரைக் கழித்திருக்கிறோம் என்ற எண்ணம் அன்றிரவு நம்மை விடவில்லை.