விண்வெளித் தொலைநோக்கி – இந்திய ஆய்வுகள்

விண்மீன்களையும், விண்மீன் மண்டலங்களையும், சூரியக் குடும்பத்தின் ஓரத்தில் உறைந்து கிடக்கும் பனிப்பொருள்களையும் காற்றுமண்டலத்துக்கு வெளியே நின்று பார்ப்பதற்காகச் செயற்கைக்கோளில் ஏற்றி அனுப்பப்படும் கருவி விண்வெளித் தொலைநோக்கி. இந்தியாவின் முதல் பல் அலைநீள விண்வெளி வானாய்வகமான ஆஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-30 மூலம் ஏவப்பட்டது. வரலாற்றை அந்தத் தேதியில் தொடங்கலாம்தான். ஆனால் தொலைநோக்கியை மேலே ஏற்ற வேண்டிய கட்டாயம் ஏன் வந்தது என்பதற்குச் சான்று புதுச்சேரிக் கடற்கரையில் இருக்கிறது.

புதுச்சேரி: கிட்டியதும் தவறியதும்

1689 டிசம்பரில், புதுச்சேரியில் இருந்த ஏசுசபைப் பாதிரியார் ழான் ரிஷோ, 12 அடி நீளத் தொலைநோக்கி ஒன்றால் வால்மீனைத் தொடர்ந்து கவனித்துவந்தார். அப்போது தென்வானில் ஒற்றையாகத் தெரியும் ஆல்பா சென்டாரி உண்மையில் இரண்டு விண்மீன்கள் என்பது அவர் கண்ணில் பட்டது. பாரிஸில் அந்த விண்மீன் தொடுவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. 12 பாகை அட்சரேகையில் உள்ள புதுச்சேரியில் ஏறத்தாழ 18 பாகை உயரம்வரை வரும். இந்தியாவில் தொலைநோக்கி கொண்டு செய்த முதல் வானியல் கண்டுபிடிப்பாக இதைக் கருதுகிறார்கள். வால்மீன் என்பது தூசி கலந்த பனிக்கட்டி என்று ஃப்ரெட் விப்பிள் விளக்கியது 1950இல்தான். ரிஷோவுக்கு அது வெறும் வால் முளைத்த ஒளி.

அடுத்து வந்தவர் பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜான்டீல். ஆந்திரமேடா மண்டலத்தின் துணை மண்டலமான எம்-32ஐ 1749இலேயே கண்டவர். வெள்ளி, சூரியனைக் கடக்கும் காட்சியைப் புதுச்சேரியிலிருந்து அளக்க 1760இல் பிரான்சிலிருந்து புறப்பட்டார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6 அன்று ஆடும் கப்பல் தளத்திலிருந்து பார்த்தார், அளக்க முடியவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து வரும் அடுத்த கடப்புக்காகக் கீழை நாடுகளிலேயே தங்கி, 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்துகிடந்த கோட்டைப் பகுதியில் ஆய்வகம் கட்டினார். 1769 ஜூன் 4 காலை, வேண்டிய நேரத்தில் சரியாக மேகம் மூடியது. நாடு திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாக முடிவுசெய்து சொத்தைப் பங்கு போடும் வேலை நடந்துகொண்டிருந்தது.

அவர் காத்திருந்த காலம் முழுக்க வீண் என்று சொல்ல முடியாது. உள்ளூர்த் தமிழ்க் கணியர் ஒருவரிடம் கிரகணக் கணக்குப் பயின்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறையில் போட்டுப்பார்த்தபோது பிழை 41 நொடிதான். ஐரோப்பாவில் பெயர்பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணை தந்த பிழை 68 நொடி. வானத்தை மேகம் மறைத்தாலும் வாய்ப்பாடு மறைவதில்லை. கணக்கை விட்டு நோக்கலுக்கு வந்தால்தான் காற்றுமண்டலம் குறுக்கே நிற்கிறது.

மலையேற்றம்

மேகத்துக்கும் புழுக்கத்துக்கும் தப்பக் கொடைக்கானல், காவலூர் என்று ஆய்வகங்கள் மலை ஏறின. ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் விண்மீனின் ஒளி திடீரென மங்கியதைப் பதிவுசெய்தார்கள். புதிய துணைக்கோள் என்று அறிவித்தார்கள். அது யுரேனஸின் வளையம் என்பது மற்ற இடங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டபின் தெளிந்தது.

மலை உச்சிக்கும் ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 300 நானோமீட்டருக்குக் குறைந்த புற ஊதா ஒளியை ஓசோன் விழுங்கிவிடுகிறது. எக்ஸ் கதிர் தரைக்கு வருவதே இல்லை. 1975இல் ஆரியபட்டா செயற்கைக்கோள் சுமந்துசென்ற எக்ஸ் கதிர்க் கருவி மின்கோளாறால் சில நாட்களிலேயே நின்றது. 1996இல் ஐ.ஆர்.எஸ்.-பி3 செயற்கைக்கோளில் ஒட்டிச் சென்ற எக்ஸ் கதிர்க் கருவிகள் நன்றாக உழைத்தன. வானியலுக்கென்றே தனிச் செயற்கைக்கோள் கேட்கும் துணிவு அதிலிருந்து வந்தது. 2004இல் அரசு ஒப்புதல் கிடைத்தது. இதற்கிடையில் 1999இல் நாசா அனுப்பிய எக்ஸ் கதிர் வானாய்வகம், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாகச் ‘சந்திரா’ என்ற பெயரோடு பறக்கத் தொடங்கியிருந்தது.

ஆஸ்ட்ரோசாட்

சுமார் 1,515 கிலோ எடை, 650 கி.மீ. உயரம், நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை மட்டுமே சாய்ந்த பாதை. துகள் கதிர்வீச்சு மிகுந்த தென் அட்லாண்டிக் பகுதியைக் கூடியவரை தவிர்க்கவே இந்தச் சிறு சாய்வு. ஐந்து கருவிகளில் நான்கு எக்ஸ் கதிருக்கானவை. ஐந்தாவதான புற ஊதாத் தொலைநோக்கியைப் பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம், புனேயின் அயூகா வானியல் மையம், இஸ்ரோ, கனடா விண்வெளி முகமை ஆகியவை சேர்ந்து உருவாக்கின. 37.5 செ.மீ. ஆடி கொண்ட இரட்டைத் தொலைநோக்கி அது. ஆடியில் மிகச் சிறிய படிவு விழுந்தாலும் புற ஊதா ஒளி குறைந்துவிடும் என்பதால், ஏவி இரண்டு மாதம் மூடியைத் திறக்கவே இல்லை. நவம்பர் 30 அன்றுதான் கதவு திறந்தது. செயற்கைக்கோள் மெல்ல ஆடிக்கொண்டே இருக்குமாதலால் நொடிக்குச் சுமார் 29 படம் எடுத்து, ஆட்டத்தைக் கணக்கிட்டுக் கழித்துப் பின்னர் ஒன்றாக்குகிறார்கள்.

2.4 மீட்டர் ஹபிள், 6.5 மீட்டர் ஜேம்ஸ் வெப் ஆகியவற்றின் பக்கத்தில் இது குழந்தைதான். ஆனால் ஒரே பார்வையில் ஏறத்தாழ முழுநிலவின் அகலத்தை, அதாவது 28 கலையை, இது பிடித்துவிடும்; ஹபிளின் புற ஊதாப் படக்கருவிக்கு மூன்று கலைகூட எட்டாது. கொத்துக் கொத்தான விண்மீன்களை ஆராய இந்த அகலம் பெரிய வசதி. என்.ஜி.சி. 188 என்ற முதிய கொத்தில், வயதுக்குப் பொருந்தாத நீல நிறத்தோடு இளமை காட்டும் விண்மீன் ஒன்றின் அருகே சூடான துணை விண்மீன் இருப்பதை அன்னபூரணி சுப்பிரமணியம் குழுவினர் 2016இல் காட்டினார்கள். துணையிடமிருந்து உறிஞ்சிய பொருளே அந்த இளமைக்குக் காரணம்.

இன்னும் பேசப்பட்டது ஏ.யு.டி.எஃப்.எஸ்.-01 என்ற விண்மீன் மண்டலம். 2016 அக்டோபரில் 28 மணி நேரத்துக்கும் மேலாகச் சேர்த்த ஒளியை அயூகாவின் கனக் சாஹா தலைமையிலான குழு நிதானமாகப் பகுத்து, 930 கோடி ஒளியாண்டு தொலைவிலிருந்து வலுவான புற ஊதா ஒளி கசிவதை 2020இல் அறிவித்தது. அதே வானப்பகுதியை ஹபிள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறது. அதன் கருவியின் பின்னணி இரைச்சலில் அந்த மங்கல் ஒளி எட்டவில்லை.

யாருக்கு எவ்வளவு நேரம்

மேகத்தைத் தாண்டியபின் வந்த புதுத் தட்டுப்பாடு நேரம். விண்வெளித் தொலைநோக்கியில் ஆய்வுத்திட்டம் என்றாலே எதை, எத்தனை மணி, எதற்காகப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துப் போட்டியிடும் விண்ணப்பம்தான். ஜேம்ஸ் வெப்பின் நான்காம் சுற்றுக்கு வந்தவை சுமார் 2,400. கேட்ட நேரம் இருந்ததைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. இதற்கு முன் வென்றவற்றில் ஒன்று, முதற்சுற்றின் டிஸ்கோ திட்டம். நெப்டியூனுக்கு அப்பாலுள்ள 50க்கும் மேற்பட்ட பனிப்பொருள்களின் மேற்பரப்பை ஆராய்ந்து, நீர்ப்பனி, கரியமில வாயுப் பனி, கரிமச் சேர்மங்கள் என மூன்று வகையாக அது பிரித்தது. ஆல்பா சென்டாரிக்கும் நேரம் ஒதுக்கப்பட்டது: 2024 ஆகஸ்டில் ரிஷோவின் இரட்டையில் ஒன்றைச் சுற்றி ஒரு கோள் இருக்கலாம் என்ற தடயம் கிட்டியது, 2025இல் மீண்டும் பார்த்தபோது அது தென்படவில்லை.

ஆஸ்ட்ரோசாட்டும் விண்ணப்பம் கேட்டே நேரம் தருகிறது. குறித்த காலம் கழிந்ததும் தரவு பொதுவாகிவிடும். பிள்ளைச்சாவடியில் இருக்கும் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவரும், புனே பேராசிரியரும் இறக்கிக்கொள்ளும் கோப்பு ஒன்றுதான். தொலைநோக்கியைவிட இந்த விதியே பெரிய சாதனை என்று சொல்லலாம்.

ஐந்து ஆண்டுக்குத் திட்டமிட்ட ஆஸ்ட்ரோசாட் 2025இல் பத்தாண்டைத் தாண்டியது. அண்மைப் புற ஊதாப் பிரிவு 2018இல் செயலிழந்துவிட்டது. தொலைப் புற ஊதாப் பிரிவு தொடர்ந்து உழைத்தது. 2024 ஜனவரி 1 அன்று ஏவப்பட்ட எக்ஸ்போசாட், எக்ஸ் கதிரின் தளவிளைவையும் நிறமாலையையும் அளக்க மட்டுமே. புற ஊதா வானியலுக்கு அடுத்த கருவியாக ஒரு மீட்டர் ஆடி கொண்ட ‘இன்சிஸ்ட்’ தொலைநோக்கியை இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்மொழிந்திருக்கிறது. ஆடிப் பரப்பை வைத்துப் பார்த்தால், இப்போதுள்ள ஒற்றைத் தொலைநோக்கியைவிட ஏழு மடங்கு ஒளியை அது சேர்க்கும்.